கண்ணுக்குத் தெரியாத நோவும் நஷ்டஈடும்



பூசை முடிந்து கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும் வேளையில் காதில் விழும் பேச்சுகளில் இதுவும் ஒன்று: "ஆளு நல்லாத்தானே இருக்கா! நடக்குறா, கடைக்குப் போறா, கோவிலுக்கு வர்றா. கோர்ட்டிலே மட்டும் உடம்பெல்லாம் வலின்னு கேஸ் போட்டிருக்கா. பணம் கைக்கு வரட்டும், வலி பறந்துடும் பாரு!" இப்படிப் பேசுகிறவர்கள் துர்மனம் உள்ளவர்கள் அல்லர். விபத்து நடந்த வாரத்தில் அதே அம்மாளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். ஆனால் கஞ்சி கொடுத்த கை ஓய்ந்த பிறகும் வலி ஓயவில்லை என்றால், மனிதருக்குச் சந்தேகம் பிறந்துவிடுகிறது.

ஆகவே இந்த வாரம் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத நோவுக்காகப் பணம் கேட்பது ஒரு கிறிஸ்தவனுக்குத் தகுமா? தகுமானால், எவ்வளவு கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

நம் ஊரில் நடக்கக்கூடிய ஒரு காரியத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு நெசவாளர் வீட்டு அம்மாள் ஆற்காடு சாலையில் ஷேர் ஆட்டோவில் வருகிறார். பின்னால் வந்த கார் ஆட்டோவின்மேல் மோதுகிறது. கழுத்து ஒரு வெட்டு வெட்டி முன்னும் பின்னும் ஆடுகிறது. எலும்பு முறியவில்லை, இரத்தம் சிந்தவில்லை, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. அன்று மாலையே வீடு திரும்பிவிடுகிறார். இரண்டு மாதம் போகிறது. கழுத்தில் இருந்த வலி தோளுக்கும் முதுகுக்கும் இறங்கி, இடுப்புக்கும் காலுக்கும் பரவுகிறது. இராத்திரி தூங்கினாலும் விடியற்காலையில் தூங்காதவர்போல் எழுகிறார். தார் சுற்ற உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கை கனக்கிறது. பாவு இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கும்போது எண்ணிக்கை மறந்துபோகிறது. புருஷன் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தபடி, ஊடைக்குத் தார் இல்லாமல் காத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட நோவுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா என்பது. தசைகளிலும் தசைநார்களிலும் உடல் முழுதும் பரவி நிற்கும் வலி, களைப்பு, இளைப்பாற்றாத தூக்கம், மறதி ஆகியவை சேர்ந்து மூன்று மாதத்துக்குக் குறையாமல் நீடித்தால் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். பெண்களிடத்தில் இது அதிகம் காணப்படுகிறது. இரத்தப் பரிசோதனையிலும் படத்திலும் இதற்கு அடையாளம் அகப்படுவதில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 1990-ல் ஒரு விதி வகுத்தது. உடலில் குறித்த 18 இடங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். 11 இடங்களிலாவது வலித்தால் அந்த நோய் என்று கொள்வார்கள். 2010-ல் இந்த அழுத்தும் சோதனையை விட்டுவிட்டு, நோயாளி சொல்வதைக் கேட்டு எடைபோடும் முறைக்கு வந்தார்கள். கேலிக்கு இடமாகத் தோன்றலாம். ஆனால் அது மருத்துவத்தின் தோல்வியன்று. நோவு என்பது நோகிறவனுக்கு மாத்திரம் தெரியும் காரியம் அன்றோ! வலியைப் பற்றி ஆராயும் உலக மருத்துவர் சங்கமும் 2020-ல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அச்சொல்லை மதிக்க வேண்டும் என்று குறிப்பாகச் சேர்த்தது.

அப்படியானால் உடம்பில் என்னதான் கெட்டிருக்கிறது என்று கேட்பீர்களாகில், இதற்கு நம் பக்கத்து ஊரான வேலூரிலிருந்தே ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் என்பவர், தொழுநோயாளரின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை, வலி தெரியாமையால் சுட்டும் வெட்டியும் தேய்ந்தும் போகின்றன என்று கண்டறிந்தார். வலி என்பது சர்வேசுரன் உடம்புக்கு வைத்த காவற்காரன் என்பதை அவர் வாழ்நாளெல்லாம் எடுத்துச் சொன்னார். தொழுநோயில் காவற்காரன் செத்துவிடுகிறான். நாம் பேசும் நோயிலோ காவற்காரன் தூக்கமற்றவனாகி, திருடன் போய்விட்ட பிறகும் மணியை அடித்துக்கொண்டே இருக்கிறான். நரம்பும் மூளையும் வலியைப் பெருக்கிக் காட்டுகின்றன என்று இக்காலத்து மருத்துவர்கள் விளக்குவதன் கருத்து ஏறக்குறைய இதுவே. மணி அடிப்பது பொய்யன்று; வீட்டில் உள்ளவனுக்குக் காது வலிப்பதும் பொய்யன்று.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை அறியாதவர் அந்நாளில் குறைவு. 1954-ல் ஒரு மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனார். அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-ல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியின் கனி. அவரை யாரும் "நடிக்கிறாள்" என்று சொல்லவில்லை. சொல்ல முடியுமா? நாற்காலியே அவருக்குச் சாட்சி. நமது தார் சுற்றும் அம்மாளுக்கோ அப்படி ஒரு சாட்சி இல்லை. நாற்காலி உள்ளவரைவிட இல்லாதவர் அதிகம் துன்பப்படுகிறார் என்று நாம் சொல்லவில்லை. நம்பப்படாமை என்ற இன்னொரு துன்பம் அவருக்குக் கூடுதலாக வந்து சேருகிறது என்றே சொல்கிறோம்.

இச்சந்தேகம் நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தில் இரயில் ஓடத் தொடங்கிய காலத்திலேயே இது எழுந்தது. 1865 ஜூன் 9-ந் தேதி ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் இரயில் கவிழ்ந்தபோது, புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அதில் இருந்தார். காயமின்றித் தப்பி, அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவினார். ஆனால் நடுக்கமும் பயமும் பின்னர் அவரைப் பிடித்துக்கொண்டன. இரயிலில் ஏறினாலே உடம்பு பதறும். சரியாக ஐந்து வருஷம் கழித்து அதே ஜூன் 9-ந் தேதி அவர் மரித்தார். விபத்துக்கு அடுத்த வருஷம் எரிக்சன் என்ற மருத்துவர், இப்படிப்பட்டவர்களின் முதுகுத்தண்டு உள்ளுக்குள் அதிர்ந்து கெட்டிருக்கிறது என்று நூல் எழுதினார். 1883-ல் பேஜ் என்பவர் அதை மறுத்து, பயமும் நஷ்டஈட்டு ஆசையுமே பல பேருடைய நோயை வளர்க்கின்றன என்று எழுதினார். பேஜ் ஓர் இரயில்வே கம்பெனியின் வைத்தியர் என்பதையும் வாசகர் கவனிக்கவும்!

அன்று முதல் இன்றுவரை வழக்கு தீரவில்லை. இஸ்ரவேல் நாட்டில் 1997-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கழுத்தில் அடிபட்ட 102 பேரையும் கால் எலும்பு முறிந்த 59 பேரையும் ஒப்பிட்டது. முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 21-க்கு மேல் இந்நோய் கண்டது. இரண்டாவதில் நூற்றுக்கு 2 கூட இல்லை. நோய் கண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வழக்குப் போடவும் இல்லை. ஆனால் அதே நாட்டில் 2006-ல் வேறு மருத்துவர்கள் கழுத்து அடிபட்ட 153 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரே ஒருவருக்குத்தான் இந்நோய் வந்தது. விபத்தால்தான் இந்நோய் வந்தது என்று தராசில் நிறுத்துக் காட்ட மருத்துவத்தால் இன்னும் இயலவில்லை என்பதே நேர்மையான பதில். இதை ஏன் சொல்கிறோம் என்றால், நோயாளியின் மனச்சாட்சிக்கு இது ஒரு பெரிய ஆறுதல். "இது விபத்தால் வந்தது" என்று அவர் மருத்துவராக நின்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை. "விபத்துக்கு முன் நாளொன்றுக்கு இவ்வளவு தார் சுற்றினேன், பின்பு இவ்வளவுதான் முடிகிறது, இன்ன இன்ன இடத்தில் வலிக்கிறது" என்று தாம் அறிந்ததைச் சொன்னால் போதும். மற்றதை நிதானிப்பது நீதிபதியின் பொறுப்பு.

இனி, கேட்பது தகுமா என்ற கேள்விக்கு வருவோம். "கிறிஸ்தவன் மன்னிக்க வேண்டாமா? ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்ட வேண்டாமா?" என்று சிலர் பக்தியோடு கேட்கிறார்கள். மன்னிக்கத்தான் வேண்டும். காரை ஓட்டினவன்மேல் பகை வைப்பதும், அவன் பிள்ளைகளைச் சபிப்பதும் பாவமே. ஆனால் மன்னிப்பு வேறு, ஈடு செய்தல் வேறு. யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சண்டையில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தவன் பின்பு எழுந்து கோலூன்றி நடந்தால், அடித்தவன் அவன் வேலை இழந்த நாட்களுக்கு ஈடு கொடுத்து, அவன் குணமாகும் செலவையும் ஏற்க வேண்டும் என்று அங்கே கட்டளையிருக்கிறது. இன்றைய தீர்ப்பாயத்தின் கணக்கில் முதல் இரண்டு வரிகள் இவைதாம்! அர்ச். அக்வினாஸ் தோமையார் ஒரு படி மேலே போகிறார். உறுப்பை இழந்தவனுக்கு அவ்வுறுப்பைத் திருப்பித் தர யாராலும் ஆகாது. ஆனதால் சரிக்குச் சரி தர முடியாத இடத்தில், நியாயமுள்ள ஒருவர் மதிப்பிடுகிறபடி பணத்தாலோ மரியாதையாலோ கூடியமட்டும் ஈடு செய்யவேண்டும் என்று போதிக்கிறார்.

தமக்கு மட்டும் உரியதை ஒருவர் விட்டுக்கொடுக்கலாம். அது புண்ணியமும் ஆகும். ஆனால் பிள்ளைகளின் சோற்றை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதே சுதந்திரம் உண்டா? பெண்ணின் பள்ளிக்கட்டணமும் ஜரிகைக்கு வாங்கின கடனும் நிற்கையில், "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொல்வது பெருந்தன்மைபோல் தோன்றினாலும், கொடுப்பவர் அவர் அல்லர், பிள்ளைகளே.

சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மாவட்ட நீதிமன்றமோ சார்பு நீதிமன்றமோ விபத்துத் தீர்ப்பாயமாக இருந்து விசாரிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் என்பவருடைய வழக்கில் கொடுத்த தீர்ப்பு நம் ஊர்க்காரருக்கு மிகவும் உபயோகமானது. ஊனம் நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார்கள். இடது கையை இழந்த தச்சனுக்குப் பிழைப்பே போய்விடலாம். அதே இழப்புள்ள அரசாங்க குமாஸ்தாவுக்கு உத்தியோகம் நிலைக்கலாம். இந்த அளவுகோலைப் பட்டுத்தறிக்குக் கொண்டுவாருங்கள். கழுத்தும் தோளும் கனக்கும் ஒருவர் கடையில் உட்கார்ந்து கணக்கெழுதிவிடலாம். குழித்தறியில் கால் மிதித்து, கை நாடா எறிந்து, குனிந்த தலை நிமிராமல் முகூர்த்தப் பட்டுக்குக் கோர்வை நெய்ய முடியுமா? வலிக்கும் வேதனைக்கும் தனியாக ஒரு தொகை உண்டு என்பதும் அத்தீர்ப்பில் எடுத்துரைக்கப்பட்டிருக்கிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு: சிகிச்சையே செய்யாமல், கேட்டவுடன் ஊனச்சான்று எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களின் சாட்சியத்தை ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டுமாம். ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்பது ஊரறிந்த சங்கதி.

நெசவாளர் வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ் புத்தகமும் முதலாளியின் கணக்கு நோட்டும் புருஷன் பேரில் இருக்கும். தார் சுற்றியது, பாவு பிணைத்தது, சேலையை மடித்தது எல்லாம் மனைவி. ஆனால் காகிதத்தில் அவருக்கு வருமானம் பூஜ்யம். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டு வேலை செய்யும் பெண்ணின் உழைப்புக்கும் விலை மதித்து நஷ்டஈடு கணக்கிட வேண்டும் என்று வற்புறுத்தியது. நீதிபதிகள் மதித்த உழைப்பை நம் வீட்டு ஆண்கள் மதித்திருக்கிறார்களா என்பதை அவரவர் யோசிக்கலாம்.

கேட்கலாம் என்று கண்டோம். எவ்வளவு? இங்கேதான் சோதனை வருகிறது. ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து நிற்கிறார் ஒரு தரகர். "கழுத்துப் பட்டையைக் கழற்றாதீங்க. ஜட்ஜு கேட்டா ஒரு வேலையும் செய்ய முடியலைன்னு சொல்லுங்க. இன்சூரன்ஸ் கம்பெனிப் பணம்தானே, யாருக்கு நஷ்டம்?" என்கிறார். யாருக்கு நஷ்டம்? வருஷா வருஷம் பிரீமியம் கட்டும் ஆட்டோக்காரருக்கு நஷ்டம். அதைவிட, அடுத்து மெய்யான வலியோடு கோர்ட்டுப் படி ஏறும் ஏழைக்கு நஷ்டம். முந்தினவன் சொன்ன பொய்க்கு அவனல்லவா குறுக்கு விசாரணையில் கூனிக் குறுகி நிற்கிறான்! உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகள் மலிந்து, அவற்றை விசாரிக்கத் தனிப் போலீஸ் குழு அமைக்கப்பட்டு, 2021-ல் உச்ச நீதிமன்றம்வரை அது பேசப்பட்டது. ஏழாம் கற்பனையும் எட்டாம் கற்பனையும் ஒரே மூச்சில் மீறப்படும் இடம் இது. வரும் தொகையில் இவ்வளவு பங்கு என்று வக்கீல் பேரம் பேசுவதும் நம் தேசத்து வக்கீல்களின் நடத்தை விதிகளுக்கு விரோதம் என்பதை வாசகர் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் பொய்க்கு இரண்டு முகம் உண்டு. கூட்டிச் சொல்வது ஒன்று. குறைத்துச் சொல்வது மற்றொன்று. நம் பெண்களிடம் இரண்டாவதே அதிகம். மருத்துவர் "எப்படியம்மா இருக்கு?" என்று கேட்டால், வரிசையில் காத்திருக்கும் மற்றவர்களை நினைத்து, "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். சீட்டில் அப்படியே பதிவாகிவிடுகிறது. ஒரு வருஷம் கழித்துக் கூண்டில் ஏறி உள்ளதைச் சொன்னால், கம்பெனி வக்கீல் அந்தச் சீட்டைக் காட்டி மடக்குகிறார். மரியாதைக்காகச் சொன்ன "பரவாயில்லை" மெய்யைப் பொய்யாக்கிவிடுகிறது. நல்ல நாளை நல்ல நாள் என்றும், கெட்ட நாளைக் கெட்ட நாள் என்றும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பது உத்தமம். திருவிழாவன்று தேருக்குப் பின்னால் நடந்ததையும் எழுதுங்கள். அதற்கு மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததையும் எழுதுங்கள். இந்நோயில் இரண்டும் நிஜமே.

காலம் தாழ்த்துவதும் ஆகாது. 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. அதை எதிர்த்தும் உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் போடப்பட்டன. இந்த நோய் தன் முகத்தைக் காட்டவே மூன்று நாலு மாதமாகும் என்பதை எண்ணினால், அவ்வளவு குறுகிய கெடு ஏழைகளுக்கு இரக்கமற்றது என்பது நம் அபிப்பிராயம். பெண்களுக்கு வருமானம் எதுவாயிருந்தாலும் இலவச சட்ட உதவி கேட்க உரிமை உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவை நாடினால் போதும், தரகர் தேவையில்லை.

மனதை உறுத்தும் ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கனடா தேசத்தின் சஸ்காட்சவன் மாகாணத்தில் 1995-ல் சட்டத்தை மாற்றி, வலிக்கும் வேதனைக்கும் பணம் கொடுப்பதை நிறுத்தி, வைத்தியச் செலவையும் வருமான இழப்பையும் வழக்கில்லாமலே கொடுத்தார்கள். உடனே கழுத்து அடிபட்டதாகக் கேட்பவர்கள் ஆறு மாதத்தில் லட்சத்துக்கு 417 பேராக இருந்தது 300-க்கு இறங்கியது. ஒரு மனு முடிய முன்பு 433 நாள் பிடித்தது, 200 நாளாயிற்று. "பார்த்தீர்களா, எல்லாம் பண ஆசை!" என்று சிலர் கைதட்டுவார்கள். அது அவசரத் தீர்ப்பு. வாய்தாவுக்கு வாய்தா "நான் இன்னும் நோயாளிதான்" என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியவருக்குக் குணமடைய மனம் எப்படித் துணியும்? ஒரு நாள் உடம்பு இலேசாக இருந்தாலும், அதை வெளியில் காட்ட அஞ்சுகிறார். வழக்கே நோயைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. ஆதலால், நியாயமான தொகைக்கு லோக் அதாலத்தில் சமாதானமாக முடிவதாயிருந்தால், இன்னும் கொஞ்சம் அதிகம் கிடைக்கும் என்று நாலு வருஷம் இழுப்பதைவிட அது மேல். அங்கே முடிந்தது முடிந்ததுதான், அப்பீல் கிடையாது என்பதை அறிந்தே கையெழுத்துப் போட வேண்டும்.

அயலாராகிய நமக்கு என்ன வேலை? யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்து, அவன் துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கினபோதுதான் கெட்டது. தீர்ப்பாயத்தின் நாற்காலியில் ஒரு நீதிபதி இருக்கிறார். குறுக்கு விசாரணைக்குக் கம்பெனி வக்கீல் இருக்கிறார். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் அங்கே போதுமானவர்கள் உண்டு. சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்ய நம்மை யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை செலவில்லாமல் கிடைக்கிறது. மெச்சத்தக்க ஏற்பாடு. இந்த நோவோ 48 வாரமானாலும் போகாதது. இதற்கு மாத்திரைகள் ஓரளவுக்கே உதவுகின்றன. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகும் நடையும் தேகப்பயிற்சியுமே எல்லாவற்றிலும் உறுதியான சிகிச்சை என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் 2016-ல் ஆராய்ந்து சொன்னார்கள். முதல் சில வாரம் நடந்தால் வலி கூடும். அப்போதுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தறி ஏறுமுன் விடியற்காலையில் கமண்டல நாகநதிப் பக்கம் நடந்து வர அந்த அம்மாளுக்கு ஒரு துணை வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் முறை வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். அவர் நின்றால் நீங்களும் நின்றுகொள்ளுங்கள்.